பூட்டிட்டு எறங்கு

கேரளாவுக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, படகு வீடா, கோயிலா என்றுதான். சேற்றுக்கு என்றேன். யாரும் நம்பவில்லை.

எங்கள் வீடு சிறுமலையில். பஸ் வரும் தார் ரோடு ஒரு பலாமரத்தடியில் முடிந்துவிடும். அதற்கு மேல் மண் பாதை. வெயில் காலத்தில் அது பாதை, ஐப்பசி பிறந்தால் ஓடை. அதில் ஏறி இறங்க எங்களிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ரகம். அதை இத்தனை வருஷமாக ஓட்டியவர் என் கணவர் செல்வம். அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் திண்டுக்கல்லில் டயாலிசிஸ். முடிந்து எழுந்தால் கை நடுங்குகிறது. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் தார் ரோட்டில் நன்றாகவே ஓட்டுவேன். சேற்றில் ஓட்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நாத்தனார் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். ஐப்பசிக்குள் எனக்குச் சேறு வசப்பட்டால் மலையில் இருப்பது, இல்லையென்றால் அந்த வீட்டுக்கு இறங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். "நீ சொல்றதுதான்" என்றார் செல்வம். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது.

அவரிடமே கற்றுக்கொண்டிருக்கலாமே என்று கல்யாணமாகாதவர்கள் கேட்பார்கள். ஒரே ஒருநாள் முயன்றோம். அன்று இரவு வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நாகர்கோவில் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த சுஜா இப்போது நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல். வீடு பாறசாலைப் பக்கம். எங்களுடையதைப் போலவே ஒரு ஜீப் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைச் சேற்றில் புரட்டுவது அவளுடைய பைத்தியம். எங்கள் மலையில் சேறு ஐப்பசியில்தான் வரும். அவள் ஊரில் ஆனியிலேயே தயார். நாத்தனாரை அவருக்குத் துணையாக வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ரயில் நாகர்கோவில் தாண்டியதும் மழை பிடித்தது. ஜன்னல் முழுக்கப் பச்சை. வாழை, தென்னை, ரப்பர், நடுவில் குளம், மறுபடி வாழை. எங்கே ஒரு ஊர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவள் தூங்கிப் போனேன். பாறசாலையில் இறங்க வேண்டியவள் கண் விழித்தபோது வண்டி நெய்யாற்றின்கரையில் நின்றுகொண்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் தமிழில் வழி கேட்டேன். கடைக்காரர் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, அடுப்படியில் இருந்த மனைவியிடம் மலையாளத்துக்குத் தாவினார். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. "பாறசாலைக்கு வந்தவங்க தூங்கிட்டாங்க." அந்தம்மா என்னைப் பார்க்காமலே, "திருவனந்தபுரம் வரைக்கும் போகலையே, அதுவரை நல்லது" என்றார்.

சுஜா ஜீப்பிலேயே வந்தாள். கறுப்பு கோட்டு பின் சீட்டில் கயிறு, மண்வெட்டியோடு கிடந்தது. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு முதலில் அதே கடையில் பால் விடாத கட்டன் சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தந்தாள். எங்கள் ஊரில் பஜ்ஜிக்கு வாழைக்காய். இங்கே நன்றாகப் பழுத்த நேந்திரத்தை அதே மாவில் முக்கி எடுக்கிறார்கள். காரத்தை எதிர்பார்த்த நாக்கில் இனிப்பு வந்து நிற்கும். அந்த ஊரில் இருந்தவரைக்கும் பல விஷயங்கள் எனக்கு அப்படித்தான் வாய்த்தன.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சுஜா சாதாரணமாகச் சொன்னாள்: "நாளைக்குக் காலத்த உனக்குக் கண்டம் ஆக்கும். நேரத்தோட ஒறங்கு."

கையில் எடுத்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இந்த வருஷம் அவருக்கு ஒரு கண்டம் இருக்கிறது, தாண்டிவிட்டால் பயமில்லை என்று ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இவள் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொல்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். கையைக்கூடக் கழுவாமல் சிரித்தாள். அங்கே கண்டம் என்றால் வயல்.

அவருக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். "அப்ப எனக்கு இருக்கிற கண்டத்தையும் சேத்து உழுதுட்டு வந்துரு" என்றார். சிரித்துக்கொண்டே அழுதது அன்றைக்குத்தான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு அவித்தது, நெத்தோலிக் குழம்பு என்றேன். குழம்பில் என்னென்ன போட்டிருந்தது என்று விசாரித்தார். அவருக்கு மரச்சீனி ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தண்ணீர் கூட டம்ளர் கணக்கு. அதனால் நான் சாப்பிட்டதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் செங்கல் என்கிற ஊர்ப் பக்கம் போனோம். மழை விட்டிருந்தது. வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். வரப்பு மட்டும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. நடவுக்கு முந்திய வயல் அது, ராஜேந்திரன் என்பவருடையது. நாளைக்கு எப்படியும் பூட்டத்தான் போகிறேன், அதற்கு முன்னால் நீங்கள் கலக்கிவிட்டால் எனக்கு லாபம் என்று சொல்லிவிட்டு அவர் வரப்பில் குந்திக்கொண்டார். வயலை எதற்குப் பூட்ட வேண்டும், யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று சுஜாவின் காதில் கேட்டேன். பூட்டுவது என்றால் உழுவதாம். மாட்டைக் கலப்பையில் பூட்டிய காலத்துச் சொல், மாடும் கலப்பையும் போன பிறகும் நின்றுவிட்டது.

சுஜாவிடம் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. ஜீப்பின் முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ் இருக்கும். இறங்கிப் போய் இரண்டையும் திருப்பிவிட்டு, உள்ளே வந்து சின்ன லீவரைத் தள்ள வேண்டும். அப்போதுதான் முன் சக்கரமும் இழுக்கும். இந்த மொத்த வேலைக்கும் அவள் பூட்டு என்றுதான் சொல்வாள். கழற்றுவதற்குத் திற.

"மாட்டிக்கிட்டு நின்ன பெறவு பூட்டப்பிடாது கேட்டியா. சேறு தொடங்கும் முந்தியே பூட்டிரணும். சக்கரம் நின்ன எடத்துலயே சுத்திக்கிட்டிருக்கும்போ லீவரத் தள்ளினா உள்ள பல்லு போயிரும். பைய, நேரே போயிக்கிட்டே போடு. கீழ் கியருக்கு நின்னுதான் போடணும்."

வயலில் இறங்கினேன். வண்டி முதலில் முக்கியது. நான் பயந்து கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். கருகிய வாடை வந்தது. "அது உனக்க மாப்பிளைக்க வண்டி கிளட்ச் எரியுற மணம்னு நெனச்சுக்கோ" என்றாள் சுஜா. கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். அதற்குப் பிறகு ஏதோ நடந்தது. வண்டி தானாகவே நிதானித்து, சேற்றை அகற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. சக்கரங்கள் தெரியவில்லை, தரை தெரியவில்லை. மேகத்துக்கு நடுவே ஜீப்பில் போகிறோம், முன்னால் தென்னைகள் தலைகீழாக நிற்கின்றன. புழு கொத்துவதற்காகக் கொக்குகள் பின்னாலேயே வந்தன. ஏர் போனாலும் டிராக்டர் போனாலும் நான் போனாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

வரப்பில் ஏறியதும் லீவரை எடுக்க மறந்து தார் ரோட்டுப் பக்கம் திரும்பினேன். சுஜா சட்டென்று என் கையைப் பிடித்தாள். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் அதிகத் தூரம் போயாக வேண்டுமாம். பூட்டியிருந்தால் அதற்கு வழி இல்லை. சேறு என்றால் வழுக்கி விட்டுக்கொடுத்துவிடும். காய்ந்த தார் விட்டுக்கொடுக்காது. உள்ளே எல்லாம் முறுக்கிக்கொண்டே போய், ஒருநாள் உடையும். தார் ரோட்டில் பூட்டு கிடையாது, செத்தாலும் கிடையாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னாள்.

அவள் கோர்ட்டுக்குப் போன பகல்களில் நான் சும்மா நடந்தேன். தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைகள், ஒவ்வொரு வீட்டுக்கும் கிணறு, கிணற்றில் கை நீட்டினால் தண்ணீர். ஓடையில் தண்ணீர், சேம்பு இலையில் தண்ணீர், யார் வீட்டில் ஏறினாலும் குடிக்க ஒரு செம்பு வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர். எங்கள் வீட்டில் ஒரு மனிதர் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு தாகத்தை ஏமாற்றுகிறார். நீட்டிய செம்பை வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், குடிக்கவும் மனசு வராமல் நின்றிருக்கிறேன்.

அந்த நடைகளில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு மனசு, கற்றுக்கொள்ளாமலே திரும்பிவிடு என்றது. நாத்தனார் பார்த்த கீழ் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கும் தூரம். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இருட்டில், மழையில், வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று அது கேட்டது. சேற்றைப் பற்றி எனக்குப் பயமில்லை. சேற்றில் அவரோடு நிற்பதைப் பற்றித்தான்.

சனிக்கிழமை ரப்பர் தோட்டத்துச் செம்மண் சரிவில் இறங்கப் பழகினோம். கீழ் கியரில் போட்டுவிட்டு, பிரேக்கிலும் கிளட்சிலும் கால் வைக்காமல் எஞ்சினை நம்பி உட்கார வேண்டும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்று வண்டி சறுக்கிவிடும். காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி மாடு மாதிரி ஒவ்வோர் அடியாக வைத்து இறங்கியது. மத்தியானம் சுஜாவின் உறவில் ஒரு கல்யாணம். பால் பாயசத்தை இலையில் ஊற்றி அதில் போளியைப் பிய்த்துப் போட்டுக் கையால் குழைக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் போளியைக் காகிதத்தில் வைத்துத் தின்போம், அவ்வளவுதான் அதன் மரியாதை. ராத்திரி போனில் அவர் இதை இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

ஞாயிறு காலை பொழியூர். மழையே இல்லை, நல்ல வெயில். கடலோரத்தில் ஒரு வரிசை வீடுகளுக்குப் பின்சுவர் இல்லை. அலை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மீதிப் பாதிச் சுவரில் வலை காய்ந்தது. மணலுக்காக டயரில் காற்றைக் குறைத்தோம். சுஜா முன்னால் நடந்து போய் மணலைக் காலால் மிதித்துப் பார்த்தாள். படகுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கை காட்டிக் கூப்பிட்டாள்.

"பூட்டிட்டு எறங்கு, மக்கா."

நான் வண்டியை அணைத்தேன். இறங்கினேன். கதவுகளைப் பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து அவள் முன்னால் போய் நின்றேன்.

சுஜா சிரிப்பு தாங்காமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவள் விஷயத்தைச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். ஒருவர் மலையாளத்தில் சொன்னது எனக்குப் புரிந்தது: "வண்டி படிக்க வந்தவங்க வண்டியைப் பூட்டி வெச்சுட்டு நடந்து வந்துட்டாங்க." அந்த ஊரில் யாருக்கும் வராத தவறு. என் ஊரில் யாருக்கும் வராமல் போகாத தவறு. ஆனால் எனக்கு முகம் எரிந்தது. திரும்பிப் போய் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு மணலில் இறங்கினேன். சுஜாவை ஏற்றிக்கொண்டு கடலை ஒட்டி, படகுகளைச் சுற்றி, நிற்காமல், புதையாமல் ஓட்டினேன். நன்றாகவே ஓட்டினேன். கோபத்தில் எனக்குக் கை சுத்தமாக வரும்.

அதே கோபத்தில் நேராக ரோட்டுக்கு ஏறிவிட்டேன். முதல் வளைவில் ஸ்டியரிங் கனத்தது. டயர் கிறீச்சிட்டது, வண்டி ஒரு துள்ளு துள்ளியது. பூட்டைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நிறுத்தினேன். லீவரைப் பிடித்தேன். அசையவில்லை.

சுஜா எதுவும் சொல்லவில்லை. பழகிய இத்தனை வருஷத்தில் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த ரோடு தெரியவில்லை. எங்கள் மலை ரோட்டின் கொண்டை ஊசி வளைவு ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் பள்ளம், பக்கத்து சீட்டில் அவர், நகராத வண்டி. முடிந்தது, கீழ் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தேன். நினைத்ததும் நிம்மதி வரும் என்று இத்தனை நாளாக நம்பியிருந்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. அவருடைய காப்பிச் செடியை வேறு யாரோ பறிப்பது கண்ணில் வந்தது. எனக்கும் அந்த வீடு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு லீவரிலிருந்து கையை எடுத்தேன். இறுகிய முடிச்சை இழுத்தால் இன்னும்தான் இறுகும். முன்னால் போய் முறுக்கியது பின்னால் போனால் விடாதா? ஸ்டியரிங்கை நேராக்கினேன். ரிவர்ஸ் போட்டு, வந்த வழியே மெதுவாகப் பின்னால் எடுத்தேன். கொஞ்ச தூரத்தில் அடியிலிருந்து டொக்கென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் லேசானது. இரண்டு விரலால் தொட்டதும் லீவர் தானாக வந்துவிட்டது. இறங்கிப் போய் இரண்டு குமிழையும் திருப்பினேன்.

"எதுக்குடி வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"நீ இழுத்திருந்தா கையப் புடிச்சிருப்பேன்" என்றாள் சுஜா. "நான் இழுத்தவளாக்கும். ஒடச்சுப் போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க வண்டி ஷெட்டுல கெடந்துது. அங்க மலையில உனக்கப் பக்கத்துல நான் இருக்க மாட்டேன்லா, அதான்." என் கண்ணைத் துடைத்துவிட்டு, "இனி நீ வீட்டுக்குப் போ" என்றாள். வழியில் ஒரு கடையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டோம். வெயிலில் தேங்காய் காய்ந்துகொண்டிருந்த முற்றங்கள், இரண்டு மொழிப் போர்டுகள், ரயில் கேட், எல்லாம் மெதுவாகக் கடந்து போயின.

ஐப்பசியில் எங்கள் மழை வந்தது. முதல் வாரம் முழுக்க விடவில்லை. டயாலிசிஸ் முடிந்து கிளம்பும்போதே இருட்டிக்கொண்டு வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் ரோட்டிலேயே படுத்திருந்தது. அவர் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மண் பாதை வருவதற்கு முன் எழுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லியிருந்தார். வேறு யார் ஓட்டினாலும் அந்தப் பாதை முழுக்க முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயால் அவரே ஓட்டிக்கொண்டு வருவார்.

பலாமரத்தடியில் நிறுத்தினேன். தூங்கிக்கொண்டிருந்தார். இறங்கி நனைந்துகொண்டே இரண்டு குமிழையும் திருப்பினேன். ஏறி உட்கார்ந்து லீவரைப் போட்டேன். பாதையில் முழங்கால் அளவுக்குச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஏற்றத்தில் பின்பக்கம் கொஞ்சம் வழுக்கியது. காலை அழுத்தாமல் காத்திருந்தேன், பிடித்துக்கொண்டது. பாறைக்குப் பக்கத்துத் திருப்பத்தில் வண்டி ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அவருடைய கைகள் மடியில் கிடந்தன.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தேன். மழைச் சத்தம் மட்டும் கூரை மேல் கேட்டது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பலாமரம் வந்துருச்சா?"

இன்னும் இல்லை, தூங்குங்க என்றேன்.